நான் கட்டாத பொட்டலம்

ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். என் பிளிம்பிங் மரத்தில் நான் கட்டாத ஒரு பொட்டலம் தொங்கியது. என் கட்டு எனக்குத் தெரியும். காம்புக்கு மேலே இரண்டு சுற்று, அப்புறம் ஒரு சுருக்கு. நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். இதுவோ மூன்று முடிச்சு போட்டு இறுக்கியிருந்தது. அதுவும் காயே இல்லாத ஒரு குச்சிக் கிளையில். நகத்தால் ஆகவில்லை, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். உள்ளே ஒரு கூழாங்கல். யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்து, கல்லை வேலி ஓரம் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் அதே கிளையில் அதே மூன்று முடிச்சோடு இன்னொன்று தொங்கியது.

அங்கே மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருக்கிற உங்களுக்குப் பிளிம்பிங்கைப் பற்றி, அந்த அஞ்சு விளிம்புப் பழத்தைப் பற்றி, நான் சொல்ல வேண்டியதில்லை. நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாக, யார் நட்டதென்றே தெரியாமல் நிற்கும். விடிகாலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில் ஒன்றைப் பறித்து முந்தானையில் துடைத்துக் கடித்துக்கொண்டே போயிருப்பீர்கள். இங்கே அது கிடையாது. மணிமங்கலத்துக்கும் படப்பைக்கும் நடுவில் இருக்கிற இந்த ஊரில் நான் முதல் காயைக் காட்டியபோது ஒருவர், சைக்கிள் பெடல் மாதிரி கீதே என்றார். என் மகன் குணா மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். அவன் குறுக்கே வெட்டிய துண்டைத் தூக்கிப் பார்த்து, “அஞ்சு பல்லு கியரும்மா, லைன்ல மாட்டினா ஓடும்” என்றான். தின்னத் தெரிந்தவர் யாருமில்லை. பச்சையாகவே பிடுங்கி மீன் குழம்பில் போட்டுவிட்டு, புளிப்பு பத்தவில்லை என்று என்னிடமே வந்து குறை சொல்லுவார்கள். முழுசும் மஞ்சளாகி, விளிம்பில் மட்டும் ஒரு பச்சைக் கோடு மிச்சம் இருக்கும்போது பறிக்கவேண்டும். அஞ்சு விளிம்பையும் மெல்லிசாகச் சீவி எறிந்துவிட்டு வில்லை போடவேண்டும். நாம் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டோம், சீனர்கள் கிச்சாப் என்கிற சோயாச் சாற்றில் சீனி கலந்து தொட்டார்கள். இதையெல்லாம் எத்தனை பேருக்குத்தான் சொல்வது. சொல்லிச் சொல்லி வாய் வலித்து, சில வருஷமாக யார் கேட்டாலும் ‘அது ஒரு மலேயாக் காய்’ என்று மட்டும் சொல்லிவிடுவேன்.

நான் இந்த ஊருக்கு வந்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களுக்கு இனிமேல் வேலை பெர்மிட் இல்லை என்று சொன்ன சமயத்தில் என் வீட்டுக்காரர், நம்ம ஊருக்குப் போயிடுவோம் என்றார். அவருக்கு அது நம்ம ஊர். எனக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்த நாளிலிருந்து தெரிந்தது பால் மரமும் லயமும்தான். இந்தப் பக்கத்து மண்ணைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அங்கே மலாய்க்காரர்கள் என்னை ‘ஓராங் இந்தியா’ என்றார்கள், இந்தியாக்காரி என்று அர்த்தம். இங்கே இறங்கின அன்றைக்கே மலேயாக்காரி ஆகிவிட்டேன். என்னைவிட இரண்டு வயது சின்னவளான பக்கத்து வீட்டுக் குப்பம்மா ‘மலேயாக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதுவே பெயராக நின்றுவிட்டது. வீட்டுக்காரர் இருந்தவரை அவருக்காக நாலு பேர் வந்தார்கள். அவர் போன பிறகு, எனக்குத் தலைவலி என்றால்கூட யாரும் என் வாசலைத் தாண்டி வந்து பார்த்ததில்லை, ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. விரோதம் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வரும், போனால் சாப்பாடு போடுவார்கள். நலங்கு வைக்க மட்டும் கூப்பிட மாட்டார்கள். தாலி இழந்தவள் என்பதால் மட்டும் அல்ல, அதற்கு முன்னாலும் அப்படித்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் தங்கச்சி ஈப்போவிலிருந்து என்னைப் பார்க்க வந்தாள். பைக்குள் ஈரத் துண்டில் சுற்றி நாலு பிளிம்பிங் கொண்டுவந்திருந்தாள். இரண்டு நசுங்கிப்போயிருந்தன. நசுங்கினதையும் விடாமல் தின்றேன். விதைகளைக் காயவிடக்கூடாது, காய்ந்தால் முளைக்காது. அதனால் கை கழுவுவதற்கு முன்னால் சாம்பல் கலந்த மண்ணில் போட்டேன். ஆறு முளைத்தது. சித்திரை வெயிலில் அஞ்சு கருகியது. மிச்சம் ஒன்றுக்குத் தென்னை ஓலையில் தட்டி கட்டி, மத்தியான நிழலுக்கு நானே பக்கத்தில் முருங்கைக் கொம்பு நட்டு வளர்த்தேன். அங்கே நம்ம தோட்டத்து மரம் மழையைக் குடித்துக்கொண்டே வளரும். இது ஏரி மண், கோடையில் பாளமாக வெடிக்கும். பாத்திரம் கழுவின தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். அஞ்சாம் வருஷம் தண்டிலேயே ஊதாவும் ரோஸுமாய்ப் பொடிப் பூ வந்தபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புரியக்கூடிய ஆள் வேண்டுமே.

பூ வந்த பிறகுதான் உண்மையான வேலை. காய் விரல் அளவு ஆனதும் ஒவ்வொன்றையும் பொட்டலம் கட்டாவிட்டால் ஈ குத்திவிடும். மேலே பொன்னாட்டம் இருக்கும், வெட்டினால் புழு நெளியும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது தோட்டத்தை ஒட்டின மலாய்க் கிராமத்தில், கம்பத்தில், இருந்த ஒரு மலாய்க்காரம்மா. மாச்சி என்றுதான் கூப்பிடுவேன், பெயர் தெரியாது. நான் புதுசாய்க் கல்யாணமாகி அந்தப் பக்கம் விறகுக்குப் போனபோது, அவர் வீட்டு மரம் முழுக்கக் காகிதப் பொட்டலம் தொங்குவதைப் பார்த்து நடுங்கிப்போனேன். யாருக்கோ செய்வினை வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, ஒரு மாதம் வரைக்கும் அந்தப் பாதையை விட்டு ஒரு மைல் சுற்றிக்கொண்டு போனேன். ஒருநாள் அந்த அம்மாவே வழி மறித்து, ஏன் என்னைப் பார்த்தால் ஓடுகிறாய் என்று கேட்டார். எனக்கு மலாய் பாதிதான் தெரியும். மரத்தைக் காட்டிக் கையைக் கூப்பினேன். அவர் என்ன நினைத்தாரோ, ஒரு பழத்தைப் பிரித்து என் கையில் வைத்து, “புங்குஸ்லா, நந்தி லாலாட் மாசூக்” என்றார். சுற்றி வை, இல்லாவிட்டால் ஈ புகுந்துவிடும் என்று அர்த்தம். அன்றைக்கு நான் ஓடினதையும் சேர்த்து நினைத்தால், இந்த ஊர்ப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இந்த வருஷம் தப்பு என்னுடையதுதான். ஆனியில் இரண்டு பெருமழை அடித்து, நான் கட்டின பேப்பரெல்லாம் கூழாகிக் கிழிந்துவிட்டது. மறுபடியும் பேப்பர் சுருட்ட இடுப்பில் பலம் இல்லை. குணா கம்பெனியில் கை துடைக்கக் கொடுக்கிற பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை வீட்டில் கிடந்தது. கைக்கு வந்ததை எடுத்தேன். இந்தத் தடவை மூட்டையில் முக்கால்வாசி மஞ்சள் துணி. பிள்ளை வரம் கேட்டு மரத்தில் மஞ்சள் துணித் தொட்டில் கட்டுவது நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலிலும் உண்டு, எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் உச்சி வெயிலில் கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்குப் பழம்தான் கண்ணில் தெரியும். அதுவும் என் மருமகள் கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து உண்டாகி, அந்த வாரம்தான் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள்.

ஆடிப் பதினெட்டு கழிந்த வெள்ளிக்கிழமை குப்பம்மா ஒரு தட்டில் பூ, வெற்றிலை, கற்பூரம் எல்லாம் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். பின்னால் அவள் மருமகள் மஞ்சுளா. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. அவர்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பெண்கள்.

“இன்னா மலேயாக்கா, நல்ல சமாச்சாரத்த இப்டியா மூடி வெப்பே?” என்றாள் குப்பம்மா.

“என்ன சமாச்சாரம்?”

“ஒன் மருமவ முழுகாம கீறது எதனாலன்னு ஊருக்கே தெரிஞ்சிபோச்சு. வேண்டுதல் பலிச்சிதுன்னுதான மரத்துல மஞ்சத் துணி கட்டிக்கினு கீறே.”

“அது பழத்துக்குக் கட்டினது. ஈ வராம இருக்க.”

“ஈயாம்” என்று அவள் மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். “ஈக்கு யாருனா மஞ்சத் துணி கட்டுவாங்களாடி? மறைக்காதக்கா. நாங்க இன்னா ஒன் புண்ணியத்தையா புட்டுக்கினு போவப்போறோம்?”

நான் ஒரு பொட்டலத்தை அவிழ்த்துக் காட்டினேன். உள்ளே காய் பச்சையாக இருந்தது. அவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கட்டின பொட்டலத்தில் காய் உண்டாகியிருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். இதற்கு மேல் என்ன பேசுவது. மஞ்சுளா குளித்த ஈரத்தலையோடு மரத்தை ஒன்பது சுற்று சுற்றினாள், ஒரு மஞ்சள் துணியில் கல் வைத்துக் கட்டினாள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் சுற்றவேண்டும் என்று பேச்சாகியிருந்தது. யார் வைத்த கணக்கு என்று எனக்குத் தெரியாது. போகும்போது குப்பம்மா உரிமையாக என் வீட்டுக்குள் போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். இருபத்தோரு வருஷத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் வெள்ளியும் செவ்வாயும் கூட்டம்தான். படப்பையிலிருந்துகூட ஒரு பெண் பஸ் ஏறி வந்தாள். வேரைச் சுற்றி மஞ்சள் தண்ணீர், எலுமிச்சம்பழம், எண்ணெய் விளக்கு. எண்ணெய் பட்டால் வேர் வெந்துபோகும் என்று தினமும் மண்ணைச் சுரண்டிப் போடுவது என் வேலை ஆனது. குணாவிடம் சொன்னேன். அவன் ஓ.டி. முடித்து வந்த களைப்பில் சாப்பிட்டுக்கொண்டே, “வுடும்மா. ஊரே நம்ம வூட்டுக்கு வருது, நல்லாத்தானே கீது” என்றான். பத்து வயதில் வந்தவன், அவன் நாக்கு இந்த ஊர் நாக்காகிவிட்டது. எனக்கு அப்படி ஆகவில்லை. நான் ஆகவிடவில்லை என்றும் சொல்லலாம். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்தப் பெண்கள் என்னிடம் குங்குமத் தட்டைக் கொடுத்து, நீங்களே கொடுங்க என்று நின்றபோது எனக்கு உள்ளே குளிர்ந்தது. தாலி இழந்தவள் கையால் வேண்டாம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. இது பொய் மரியாதை என்று தெரிந்தும், வாங்கிக்கொண்டேன்.

பழம்தான் எனக்கு இல்லாமல் போனது. ஆடி கடைசியில் முதல் பழம் பழுத்து, துணிக்குள்ளிருந்து வாசம் வந்தது. துரட்டியை எடுத்துக்கொண்டு போனேன். குப்பம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்து துரட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டுதல் கட்டின மரத்துல தொரட்டி போடறியே, ஒனுக்கு இன்னா புத்தி பூடுச்சாக்கா?”

“என் மரம் குப்பம்மா. பழம் அழுகிடும்.”

“அழுவட்டும். மண்டலம் முடியட்டும். என் வூட்டு வெளக்கு எரியணுமா வேணாமா?”

அவள் கண்ணில் நிஜமாகவே பயம் இருந்தது. நான் துரட்டியை விட்டுவிட்டேன். இரண்டு நாளில் அந்தப் பழம் தானாக விழுந்து, காக்கை கொத்தியது. எட்டு வருஷம் தண்ணீர் ஊற்றினவள் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன், மஞ்சுளாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று. குப்பம்மாவிடம் சொல்லி ஆகாது. இந்தப் பெண் பத்தாவது படித்தவள், மறைமலை நகரில் கையுறை தைக்கிற கம்பெனிக்கு வேனில் போய்க்கொண்டிருந்தவள். மெஷினில் உட்கார்ந்தால் கர்ப்பப்பை சூடாகிவிடும் என்று மாமியார் நிறுத்திவிட்டாள். சாயங்காலம் அவள் சுற்ற வந்தபோது நிறுத்தி, ஒரு பொட்டலத்தைப் பறித்துப் பிரித்து, ஈ குத்தின தழும்பு ஒன்றும் இல்லாததைக் காட்டி, மாச்சி சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும் பெரீம்மா” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நீங்க கட்டச்சொல்ல கெணத்தாண்டயிருந்து பாத்துக்கினுதான் இருந்தேன். போன வருசம் பேப்பர்ல கட்டினீங்க. முதல் கல்லக் கட்டினது நான்தான். நீங்க அவுத்துப் போட்டீங்க, மறுநாளும் கட்டினேன். அப்புறம் அத்தயக் கூட்டினு வந்து காட்டினேன், மலேயாம்மா மருமவ இதனாலதான் உண்டானான்னு.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் மரத்தை வைத்துப் பொய் சொன்னாயா என்று கேட்டேன். அவள் அழவில்லை. மரத்தைச் சுற்றிக்கொண்டே, யாராவது பார்த்தால் வேண்டுதல் என்று நினைக்கும்படி, மெதுவாகச் சொன்னாள்.

“ஒரகடத்துல பொண்ணு பாத்து வெச்சிக்கீறாங்க பெரீம்மா அவருக்கு. ஆவணில கண்ணாலம். என்ன அம்மா வூட்டுக்கு அனுப்பிடறதுன்னு பேச்சு. மண்டலம் முடிக்காம எதுவும் செய்யக்கூடாதுன்னு சொன்னேன், அத்த பயந்துடுச்சி. மண்டலம் முடியச்சொல்ல பொரட்டாசி பொறந்துடும். பொரட்டாசில எவனும் கண்ணாலம் வெக்க மாட்டான். ஐப்பசி வரிக்கும் எனக்கு டைம் கீது.”

“ஐப்பசிக்குள்ள என்ன ஆகிடும்?”

“செங்கல்பட்டு ஆஸ்பத்திரில என்ன டெஸ்ட் பண்ணிட்டாங்க. எனக்கு ஒண்ணும் இல்லியாம். அவரையும் வரச்சொன்னாங்க. அவரு வரல, அவமானமாம். கூட்டிக்கினு போய்டுவேன் பெரீம்மா, கொஞ்சம் நாள் வேணும். அவரு நல்லவருதான், அம்மான்னா பயம்.”

ஒன்பதாவது சுற்று முடிந்தது. அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் அந்தக் காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தோட்டத்தில் பால் எடுத்த மர எண்ணிக்கை குறைந்தால் குறைந்தது என்றுதான் மேற்பார்வை பார்க்கிற மண்டோரிடம் சொல்லுவேன், மரத்தில் கட்டுகிற ஒரு மங்குப் பாலுக்குக்கூடப் பொய் சொன்னவள் இல்லை. அதை ஒரு பெருமையாக இத்தனை வருஷம் சுமந்தேன். இப்போது என் வாயைத் திறந்தால் ஒரு பெண் ஐப்பசிக்கு முன்னால் பெட்டியோடு பஸ் ஏறவேண்டும். திறக்காவிட்டால் நான் ஒரு பொய்க்குக் காவல்காரி.

வாயைத் திறக்காமலே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். விடவில்லை. ஆவணி முதல் வெள்ளி குப்பம்மா தனியாக வந்தாள். ஒரகடத்துக்காரர்கள் நாள் குறிக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மரத்தடியில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தாள்.

“நீ பொய் பேசாத பொம்பளக்கா, அதான் ஒன்னக் கேக்கறேன். ஈ, அது இதுன்னு முன்னால சொன்னியே. நெசத்த சொல்லு. இந்த மரத்துல எதுனா கீதா, இல்லியா? இல்லன்னு சொல்லு, நான் இன்னிக்கே ஆள் அனுப்பிடறேன்.”

பின்னால் கிணற்றடியில் மஞ்சுளா குடத்தை இறக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என் வாயில் ‘இருக்கு’ என்றுதான் வரும். இவர்கள் கீது, கீது என்று பேசும்போது நான் பேச்சில்கூடத் தோட்டத்துக்காரியாகவே இருந்தேன், அதை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை.

“கீது குப்பம்மா” என்றேன். “மண்டலத்த முடி.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்து, மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அன்று மத்தியானம் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். ஒரே ஒரு சொல்தான் பேசியிருந்தேன். அதற்குப் போன பலம் எட்டு வருஷம் தண்ணீர் சுமந்ததற்குப் போகவில்லை.

இதை எழுதும்போது மண்டலத்தில் பத்தொன்பது நாள் பாக்கி இருக்கிறது. போன திங்கட்கிழமை மஞ்சுளாவின் புருஷன் ஏழுமலை லீவு போட்டு அவளோடு செங்கல்பட்டுக்குப் போய்வந்தான். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். ரிசல்ட் வரவில்லை. வந்தால் எது வரும் என்று எனக்குத் தெரியாது, அவளும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. என் மருமகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகவேண்டுமே என்கிற கவலை இப்போது எனக்கு இரண்டு பங்கு. அங்கே ஒன்று கெட்டால் மரத்தின் பேரும் கெடும்.

நேற்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் வாசலில் ஏழெட்டுப் பெண்கள் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சுளா தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குள் வந்து, மடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். சுற்றும்போது எட்டிப் பறித்திருக்கிறாள். நல்ல பழம், விளிம்பில் மட்டும் பச்சை. கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். விளிம்பைச் சீவி வில்லை போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் வைத்தேன். அவள் ஒன்றை வாயில் போட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

“இன்னா பெரீம்மா இது, புளிப்பா, இனிப்பா?”

“தின்னு. பேசாம தின்னு.”

இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து, சத்தம் வராமல் முழுப் பழத்தையும் தின்றோம். சாறு முழங்கை வரை வழிந்தது. கதவு இடுக்கில் கற்பூரப் புகை வந்தது. “மலேயாக்கா, ஆரத்தி எடுத்துக்க வா, எல்லாரும் ஒனக்கோசரம் நிக்கிறாங்க” என்று குப்பம்மா கூப்பிட்டாள். கையைக் கழுவ நேரமில்லை. பழச்சாறு ஒட்டின கையோடு போய், எல்லோருக்கும் முன்னால் நின்று, என் மரத்துக்குக் காட்டின நெருப்பை நானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மிளகாய் கண்ணில் எரிந்தது. சாமி வந்துவிட்டது என்று நினைத்து ஒரு பெண் என்னைத் தாங்கிப் பிடித்தாள். நானும் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.